சிவப்பு வார்

கோர்ட் ஸ்டாப் வந்தாச் சொல்லு அம்மிணி. கண்டக்டர்கிட்டச் சொல்லித்தான் ஏறினேன், ஆனா அந்தத் தம்பி போனை விட்டுத் தலையே தூக்கக் காணோம். நீ அதுக்கு அடுத்த ஸ்டாப்பா? அப்பச் சரி. நல்லா உக்காரு, எனக்கு இவ்வளவு எடம் போதும்.

கேஸெல்லாம் என் மேல இல்ல சாமி. நான் சாட்சி சொல்லப் போறேன். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னு அரசாங்க வக்கீல் சொல்லியிருக்கறாரு. ஒரே ஒரு கேள்விதானாம். அந்த வார் வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா. வெளியன்னு நான் சொன்னா, படகு சொல்லிக் குடுத்த ரெக்ஸன் மாஸ்டருக்கு ஜெயிலு. உள்ளன்னு சொன்னா அவரு வீட்டுக்குப் போவாரு. எத்தனை தண்ணியில நீச்சலடிச்ச மனுசன், கடைசியில என் வாயில வந்து நிக்கறாரு.

நான் வெளியன்னுதான் சொல்லப் போறேன். போலீஸ்ல அப்படித்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கறேன். மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?

இரு, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குதே.

செங்கரைப்பாளையம் ஆத்துப் பூங்கா பாத்திருக்கறயா? இல்லையா? இப்ப பூட்டிக் கெடக்குது. பவானியில தடுப்பணைக்குக் கீழ, பஸ் ஸ்டாண்டுப் பாலத்துக்கும் புதுசாக் கட்டின அடுக்குமாடி வீட்டுக்கும் நடுவால, கான்கிரீட்டுல ஒரு வாய்க்கால் வெட்டினாங்க. பாறையெல்லாம் லாரியில கொண்டாந்து சிமெண்ட் போட்டு நட்டு வெச்சாங்க. பாறையை நடறதை அப்பத்தான் பாத்தேன். ஷட்டரைத் தூக்கினாங்கன்னாத் தண்ணி நுரைச்சுக்கிட்டு எறங்கும். அதுல கயாக் விடறது. கயாக்னா ஒத்த ஆளு போற படகு. நீட்டமா மீனு மாதிரி இருக்கும், மேல ஒரே ஒரு ஓட்டை. அதுக்குள்ள காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் அலகு வெச்ச துடுப்பால தள்ளிக்கிட்டுப் போகோணும். பாலத்து மேல நின்னு கடலை கொறிச்சுக்கிட்டு ஊரே வேடிக்கை பாக்கும். கவுந்தாலும் கை தட்டும், எந்திரிச்சாலும் கை தட்டும்.

நான் அங்க சாமான் ரூம்ல இருந்தேன். ஹெல்மெட்டு, லைஃப் ஜாக்கெட்டு, பாவாடை, எல்லாம் என் பொறுப்பு. சிரிக்காதே, பாவாடைதான். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்குது, ஆனா எங்க பூங்காவுல எல்லாருக்கும் அது பாவாடைதான், மீசை வெச்சவனும் பாவாடை கட்டித்தான் போகோணும். ரப்பர் துணி. நெஞ்சுக்குக் கீழ இறுக்கிப் புடிக்கும். படகுல உக்காந்த பொறவு அதோட ஓரத்தை இழுத்து, அந்த ஓட்டையோட விளிம்புல சுத்தி மாட்டிப்போட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. ஆளும் படகும் ஒண்ணாச் சேத்துத் தெச்ச மாதிரி ஆயிரும். அப்ப படகு கவுந்தா? ஆளும் தலைகீழாத் தண்ணிக்குள்ள. துடுப்பை வீசிச் சுருண்டு எந்திரிக்கத் தெரிஞ்சவங்க எந்திரிச்சுக்குவாங்க. முடியலைன்னா, பாவாடையோட முன்னோரத்துல சிவப்பா ஒரு வார் தொங்கும், ஒரு சாண் நீளம், அதைப் புடிச்சு இழுத்தாப் போதும். பாவாடை பொசுக்குன்னு கழண்டுக்கும். ஆளு வழுக்கி வெளிய வந்துரலாம்.

அந்த வாரைப் பத்தித்தான் கேள்வி.

அதுக்கு முன்னால நான் திருப்பூர்ல இருந்தேன். பனியன் கம்பெனியில இருவத்திரெண்டு வருசம் செக்கிங். தெரியுமா அந்த வேலை? தெச்சு வர்ற பனியனை மேசை மேல போட்டு முன்னயும் பின்னயும் பொரட்டி, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாத்து, தொங்கற நூலையெல்லாம் வெட்டோணும். பிசிறுன்னு சொல்லுவோம். ஒரே ஒரு பிசிறு தொங்கினாலும் வெளிநாட்டுக்காரன் பொட்டியோட திருப்பிப்போடுவான். என் மேசையில இருந்து போனது ஒண்ணு திரும்பினதில்ல. சூப்பர்வைசரு புதுசா வர்ற புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து, மயிலாத்தா கையைப் பாருங்க, மூஞ்சியைப் பாக்காதீங்கம்பாரு. மூஞ்சியைப் பாக்காதீங்கன்னா என்ன அர்த்தமோ, அவருக்குத்தான் வெளிச்சம். இன்னைக்கும் பாரு, ஏதாவது ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்தா எனக்குப் பொறுக்காது. வெட்ட முடிஞ்சா வெட்டுவேன், இல்லைன்னா மடிச்சு உள்ள சொருகிப்போடுவேன். அது நான் பண்றதில்ல கண்ணு, கை பண்றது.

முட்டி வலி வந்து, அங்க நிக்க முடியாம ஊருக்கு வந்தேன். பூங்கா தொறந்தாங்க. மேனேஜரு எங்கூட்டுக்காரருக்கு ஒரு வகையில தூரத்துச் சொந்தம். அவரு இருந்தப்ப எட்டிப் பாக்காத சொந்தம், அவரு போன பொறவு வேலை குடுத்துச்சு. குறை சொல்லக் கூடாது. உக்காந்து பாக்கற வேலை. நான் போறதுக்கு முன்னால அந்த ரூம் எப்படி இருந்துச்சுங்கறே? ஈரத்தோட ஈரமாக் குமிச்சு, நாத்தம். நான் போய் ஒரு வாரத்துல சைஸ் வாரியாப் பிரிச்சு, அலசி, நெழல்ல காயப்போட்டு, மடிச்சு அடுக்கி, கடை மாதிரி பண்ணிப்போட்டேன். மேனேஜரு வாசல்ல நின்னுக்கிட்டு, இது நம்ம ரூம்தானான்னு கேட்டாரு.

ரெக்ஸன் மாஸ்டரு தூத்துக்குடிக்காரரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கறுத்த மனுசன், தோளு ரெண்டும் உரல் மாதிரி. வேலையில கெட்டிக்காரரு, அதைச் சொல்லாம இருக்க முடியாது. மொத நாளு வர்றவங்களை நின்ன தண்ணியில உக்கார வெச்சு, அவரே படகைக் கவுத்து விடுவாரு. தலைகீழா இருந்துக்கிட்டே படகை மூணு தடவை தட்டோணும், அப்புறம் வாரை இழுத்து வெளிய வரோணும். அதைச் செய்யாத யாரையும் ஓடற தண்ணியில எறக்க மாட்டாரு. ஒருக்கா ஒரு பேங்க் ஆபீசரு வந்தாரு, நல்ல சரீரம். கவுத்தாச்சு, தட்டறாரு, வாரையும் இழுத்துட்டாரு, ஆளு மட்டும் வரல. தொந்தி ஓட்டையில மாட்டிக்கிச்சு. மாஸ்டரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து நெலக்கடலைச் செடி புடுங்கற மாதிரி புடுங்கினாங்க. நான் சொன்னேன், "மாஸ்டர், இவருக்குப் பாவாடையே வேண்டாங்க, இவரே மூடிதான்"ன்னு. மாஸ்டரு தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அப்படிச் சிரிச்சாரு. அப்பெல்லாம் எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல. அக்கா அக்கான்னுதான் கூப்புடுவாரு.

கெளம்பற எடத்துல அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு படகுக்கும் குனிஞ்சு, வார் மேல கையை வெச்சு, "வார்?"னு கேப்பாரு. உள்ள இருக்கறவங்க "வெளிய!"ன்னு கத்தோணும். கத்தினாத்தான் தள்ளி விடுவாரு. நாள் பூரா இதே சத்தந்தான். வார், வெளிய. வார், வெளிய. எங்கூட்டுல நான் தூங்கறப்பக்கூட அது காதுல கேக்கும்.

எனக்கு அந்த வார்தான் உறுத்தல். எல்லாம் அடக்கமா இருக்குது, அது மட்டும் முன்னால நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி. நான்தானே ஒவ்வொருத்தருக்கும் மாட்டிவிடறேன், மாட்டி முடிச்சு ஓரத்தை நீவி விடறப்ப, கையோட அதையும் மடிச்சு உள்ள சொருகிப்போடுவேன். பாக்கறதுக்கு அவ்வளவு பாங்கா இருக்கும். மாஸ்டரு மொதல்ல ரெண்டு தடவை நல்லபடியாச் சொன்னாரு. "யக்கா, அதை மட்டும் தொடாதீய." சரிம்பேன். மறுபடியும் கை போயிரும்.

ஒரு நாளு, ஞாயித்துக்கெழமை, கூட்டமான கூட்டம். புள்ளைங்களோட அப்பா அம்மாவெல்லாம் நிக்கறாங்க. வரிசையா மூணு படகுல வார் உள்ள இருந்துச்சாம். அங்கிருந்து சாமான் ரூம் வரைக்கும் வந்துட்டாரு. "எத்தனை மட்டம் சொல்லுதது உங்ககிட்ட? இது பனியன் இல்லக்கா! உசுரு! இன்னொரு தடவ வாரை உள்ள சொருவுனீயன்னா நான் உங்கள உள்ளயே விட மாட்டேன்!"

அத்தனை பேரு முன்னால கண்ணு. எனக்கு அவரு வயசுல மகன் இருக்கறான். என்னை ஒருத்தரு கை நீட்டி அப்படிச் சொன்னதே இல்ல. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு பீஸ் திரும்பாத கை இது. நான் உள்ள போய், லைஃப் ஜாக்கெட்டுக் குவியல் மேல உக்காந்து அழுதேன். மேனேஜரு வந்து, விடுங்கம்மா, கடற்கரைக்காரங்க சத்தமாத்தான் பேசுவாங்கன்னாரு. சாயங்காலம் மாஸ்டரு ஒரு டீ வாங்கிக்கிட்டு வந்து ஜன்னல்ல வெச்சாரு. நான் தொடல. ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருந்துச்சு.

ஒரு வாரம் அந்த வாரைக் கையால தொடலை. பொறவு பழையபடி ஆயிருச்சு. அவரும் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. நான் இங்க சொருகுவேன், அவரு அங்க குனிஞ்சு வெளிய இழுத்து விடுவாரு. நான் சொருகுவேன், அவரு இழுப்பாரு. அப்படியே ஆறு மாசம் ஓடுச்சு. ரெண்டு பேருக்கும் பேச்சு குறைஞ்சு போச்சு, வேலை நடந்துச்சு. ஒரு குத்தம் வரல. அதைத்தான் நான் யோசிக்கறேன். நான் பண்ணினதுல குத்தம் இருந்திருந்தா அந்த ஆறு மாசத்துல வந்திருக்கோணுமா இல்லையா?

நம்ம மௌனிகா, அவதான் தண்ணியில போனவ. பேருதான் மௌனிகா, வாய் மூடினதே இல்ல. காலேஜ் ரெண்டாவது வருசம். அப்பா ஆட்டோ ஓட்டறாரு, அம்மா சாந்தாமணி வீட்டுல மாவாட்டி விக்கறா. ஒத்தப் புள்ளை. காலையில அஞ்சு மணிக்கே வந்து நிக்கும். ஊரே என்னை அக்காங்கும், இவ மட்டும், "ஏய் மயிலு, என்னோட பாவாடையைக் குடு, இல்லைன்னா ஒன்னோட பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போயிருவேன்"ம்பா. நான் அடிக்கக் கையோங்கினா அதுக்குள்ள பத்தடி தள்ளி நிப்பா. மாநில அளவுல போட்டிக்குப் போக இருந்தா. எங்க வாய்க்கால் நடுவுல ஒரு சுழி இருக்குது, தண்ணி திரும்பித் திரும்பிச் சுத்தும். வாஷிங்மிஷின்னு பேரு வெச்சிருந்தாங்க. பசங்களே ஒதுங்கிப் போவாங்க, இவ அதுக்குள்ள பூந்து, கவுந்து, சுருண்டு எந்திரிச்சு, பாலத்தைப் பாத்துக் கும்புடு போட்டுட்டுப் போவா.

அன்னைக்குப் பூங்காவோட ஆண்டு விழா. பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு மேடை, பந்தல், போட்டோக்காரங்க. மேனேஜரு மாஸ்டரை வெள்ளைச் சட்டை போட வெச்சு மேடையில நிக்கச் சொல்லிட்டாரு, வர்றவங்களுக்கு விளக்கிச் சொல்றதுக்கு. மாஸ்டரு முடியாதுன்னாரு. நான் கெளம்பற எடத்துலதான் நிப்பேன்னாரு. மேனேஜரு ஒத்துக்கல. கயிறு போடறதுக்கு ரெண்டு பேரு கரையில நிக்கறாங்கல்ல, அது போதும்னுட்டாரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மேனேஜரு மேல கேஸ் இல்ல பாரு. யாரும் கேக்கறதில்ல.

அப்ப மாஸ்டரு எங்கிட்ட ஓடி வந்தாரு. ஆறு மாசம் கழிச்சு மூஞ்சிக்கு நேரா நின்னாரு. "யக்கா, இன்னைக்கு என் கை அங்க இருக்காது. வார் வெளிய. கேட்டீயளா? வெளிய." சரிங்க மாஸ்டர்னேன். "மறந்துராதீய." சரின்னேன்ல. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி மூணு தடவை.

மௌனிகாதான் மொத ஆளு. நீலப் படகு. நான்தான் மாட்டிவிட்டேன். போனா.

ஷட்டரு அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத் தூக்கியிருந்தாங்க, போட்டோவுல தண்ணி எடுப்பாத் தெரியட்டும்னு. வாஷிங்மிஷின்ல பூந்தா. கவுந்தா. ஜனங்க கை தட்டினாங்க. துடுப்பு மட்டும் தனியா மெதந்து வந்துச்சு, அப்பவும் தட்டினாங்க. வழக்கமா எந்திரிச்சுக் கும்புடு போடுவாளே, அதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. படகு அடிப்பக்கம் மேல தெரிய அங்கயே சுத்துது. கயிறு ரெண்டு தடவை போட்டாங்க. தலைகீழா இருக்கறவ எப்படிக் கயித்தைப் புடிப்பா? மேடையில இருந்து மாஸ்டரு மேசையைத் தள்ளிப்போட்டு ஓடி வந்து, வெள்ளைச் சட்டையோட, பூட்ஸோட குதிச்சாரு. அவரையே தண்ணி ரெண்டு தடவை அடிச்சுக்கிட்டுப் போச்சு. மூணாவது தடவை படகைப் புடிச்சாரு. கையை விட்டுத் தேடறாரு, தேடறாரு. அப்புறம் இடுப்புல இருந்த கத்தியை எடுத்துப் பாவாடையைக் கிழிச்சாரு. அவளைக் கரையில போட்டு நெஞ்சை அமுக்கினாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

வரல.

எல்லாரும் ஆம்புலன்ஸுக்குப் பின்னால போயிட்டாங்க. பந்தல் காத்துல அடிச்சுக்கிட்டுக் கெடக்குது. நான் மட்டும் நிக்கறேன். அந்தப் பாவாடை சேத்துல கெடந்துச்சு. எப்படி அம்மிணி அதை அப்படியே விட்டுட்டுப் போறது? ஈரத்தோட கெடந்தா ரப்பரு பூத்துப் போயிரும். எடுத்துக்கிட்டுப் போய்க் கொழாயில அலசினேன். சேறு, அப்புறம் கொஞ்சம் ரத்தம், அந்த வார் மடிச்ச எடத்துல சேறு அப்பியிருந்துச்சு, அதையும் எடுத்து விட்டு நல்லா அலசினேன். கத்தி பட்ட எடமெல்லாம் பிசிறு பிசிறா நின்னுச்சு, அதைக் கத்திரியால சமம் பண்ணினேன். கம்பியில மாட்டி, நெழல்ல காயப்போட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கற? வேற என்ன பண்ணச் சொல்ற? அழுதுக்கிட்டேதான் அலசினேன்.

இன்ஸ்பெக்டரு மூணு மணிக்கு வந்தாரு. அவ போட்டிருந்த பாவாடை எதுன்னு கேட்டாரு, கம்பியைக் காட்டினேன். போட்டோ எடுத்துக்கிட்டாங்க. கம்பியில வார் நேராத் தொங்குது. "இது இப்படித்தான் வெளிய இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கய்யா, பாருங்க, வெளியதான் இருக்குதுன்னேன். அவரு கேட்டப்ப அது வெளியதானே இருந்துச்சு? கேட்டதுக்குச் சொன்னேன். நான் ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுச் சொல்லல.

மாஸ்டரு என்ன சொல்றாருன்னா, வார் உள்ள இருந்துச்சு, என் கைக்குச் சிக்கல, அதனாலதான் அறுத்தேங்கறாரு. யாரு நம்புவா? வார் வெளிய இருந்திருக்குது, இந்தாளு சரியாச் சொல்லிக் குடுக்கல, எடத்துலயும் நிக்கல, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மேடையில நின்னாருன்னு எழுதிட்டாங்க. பேப்பர்லயும் அந்த வெள்ளைச் சட்டைப் படந்தான் வந்துச்சு. படிப்பில்லாத வயசான பொம்பளை மேல பழியைத் தூக்கிப் போடறான் பாருன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. நான் அப்படியெல்லாம் சொல்லல. அவங்க சொல்றாங்க.

மௌனிகா அம்மா சாந்தாமணி இருக்கறாளே, அவளுக்கு இப்ப நான்தான். பதினாறாம் நாளு போனப்ப என் கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டா. "கடைசியா எம்புள்ளையைத் தொட்டது இந்தக் கைதானுங்களே அக்கா"ன்னு மூஞ்சியில வெச்சுக்கிட்டா. அதுல இருந்து வெள்ளிக்கெழமையானா நான் அங்க போயிருவேன். எனக்குச் சோறு போட்டுக்கிட்டு அவ கதை கேப்பா. அன்னைக்கு என்ன பேசினா, சிரிச்சாளா, சாப்புட்டாளா. எனக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லுவேன், இல்லாததையும் கொஞ்சம் சேத்துச் சொல்லுவேன், பாவம். ஒரு நாளு கேட்டா: "டாக்டரு நகம் ரெண்டு பேந்திருந்துச்சுன்னு எழுதியிருக்கறாருங்களே, எப்படீங்கக்கா?" பாறையில பட்டிருக்கும் அம்மிணின்னேன். பாறைதான் நெறைய இருக்குதே. இன்னொரு கரண்டி சோறு வெச்சா. "வலிச்சிருக்குமா?"ன்னா. தண்ணிக்குள்ள வலி தெரியாதுன்னேன்.

எம்மகன் ஓசூர்ல இருக்கறான், பொங்கலுக்குப் பொங்கல் வருவான். என்னை ஒரு வீட்டுல எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது இந்தச் சாந்தாமணி ஒருத்திதான். நான் போய் இன்னைக்கு மாத்திச் சொன்னா அந்த வாசப்படியை மிதிக்க முடியுமா? சொல்லு.

போன வாரம் மாஸ்டரோட சம்சாரம் வந்துச்சு. பெனிட்டான்னு பேரு. இடுப்புல ஒரு கொழந்தை. ஜாமீன்ல வந்த பொறவு அவருக்கு யாரும் வேலை குடுக்கறதில்ல, ராத்திரி படுத்தா அந்தப் புள்ளை பேரைச் சொல்லிக்கிட்டு எந்திரிக்கறாராம். நான் ஏதோ சண்டைக்கு வந்திருக்குதுன்னு நெனைச்சேன். உக்காரச் சொன்னேன், உக்காரல. "யக்கா, அவர காப்பாத்துங்கன்னு நான் கேக்கல. நடந்தத சொல்லுங்க, அது போதும்"னுச்சு. நான் நடந்ததைத்தான் சொல்லியிருக்கறேன் தாயின்னேன். கொழந்தையை இந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டுச் சொல்லுச்சு: "அவரு ஒங்கள ஒரு வார்த்த கொற சொல்லல, தெரியுமாக்கா? அக்காக்கு அது பழக்கம், நாந்தான் எடத்த விட்டுப் போயிருக்கக் கூடாதுன்னுதான் சொல்லுதாவ." அப்படியே போயிருச்சு.

அதைக் கேட்டதுல இருந்து எனக்குக் கோவந்தான் வருது. அக்காவுக்குப் பழக்கமாம். மன்னிக்கறதுக்கு இவரு யாரு?

நீ எனக்கு யாருன்னு தெரியாது, அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிருவே. அதனால ஒண்ணு சொல்றேன். போலீஸ்ல இதைக் கேக்கல, நானும் சொல்லல. சாந்தாமணிகிட்டச் சொல்ற கதையில இது மட்டும் இல்ல.

அன்னைக்கு மௌனிகா கேட்டா. படகுல உக்காந்து, ரெண்டு கையிலயும் துடுப்பைப் புடிச்சுக்கிட்டு, நான் ஹெல்மெட்டுப் பட்டையை இறுக்கி விட்டதுல தாடை மேல தூக்கியிருந்துச்சு, கீழ குனிஞ்சு பாக்க முடியாது. நான் ஓரத்தை நீவி விட்டுக்கிட்டு இருக்கறேன். போட்டோக்காரங்க எங்களையே பாக்கறாங்க. மாஸ்டரு குரல்லயே, அந்தத் தூத்துக்குடிச் சத்தத்துலயே என்னைக் கேலி பண்றா: "வார்?" வழக்கமா மாஸ்டரு கேப்பாரு, அவதான் 'வெளிய'ன்னு சொல்லோணும். அன்னைக்கு அவரு இல்லாததால அவ கேட்டா, நான் சொல்லோணும்.

நான் அவ முதுகுல தட்டி, "எல்லாஞ் சரியா இருக்குது, போடி"ன்னேன்.

சரியாத்தான் இருந்துச்சு கண்ணு. பாக்கறதுக்கு ஒரு குறை இல்ல. ஒரு நாளாவது, பெரிய மனுசங்க பாக்கற அன்னைக்காவது, லட்சணமாப் போகட்டும்னு நெனைச்சேன். அவருதான் மூணு தடவை சொன்னாரே, அது மண்டையில இருந்துச்சு. இருந்துச்சு. கை சொருகிக்கிட்டு இருக்கறப்பவும் இருந்துச்சு. சரி, இவளுக்கெதுக்கு வாரு, இவதான் சுருண்டு எந்திரிச்சுக்குவாளே, தெனமும் பாக்கறனேன்னு...

எந்த எடம் இது? கோர்ட் இன்னும் தூரமா?

வக்கீலு சொன்னாரு, வீட்டுல நாலு தடவை சொல்லிப் பாத்துக்கங்கம்மா, கேட்டா டக்குனு வரோணும், யோசிச்சீங்கன்னா எதுத்தரப்பு வக்கீல் புடிச்சுக்குவாருன்னு. வீட்டுல செவுத்துக்கிட்டயா சொல்றது? உங்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். நீ ஜட்ஜு மாதிரி உக்காந்து கேளு. குரல் நடுங்குதான்னு மட்டும் சொன்னாப் போதும்.

எம்பேரு மயிலாத்தா. வயசு அறுபத்தொண்ணு. சாமான் ரூம்ல மூணு வருசம் வேலை பாத்தேன். அன்னைக்கு மௌனிகாவுக்கு நான்தான் பாவாடை மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டப்ப வார்...

இரு, பஸ்ஸு குலுக்கிருச்சு. மறுபடியும் வர்றேன்.

எம்பேரு மயிலாத்தா. வயசு அறுபத்தொண்ணு. மௌனிகாவுக்கு நான்தான் மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டப்ப அந்த வார்...

என்ன கண்ணு அப்படிப் பாக்கற? நான் இன்னும் சொல்லவே இல்லையே.

வந்துருச்சா? இதுதான் ஸ்டாப்பா? ஆமா, அதா நிக்கறா பாரு சாந்தாமணி, கோர்ட் வாசல்ல, கொடையோட. எனக்குத்தான் கொடை. வெயில்ல நடந்தா எனக்குத் தலை சுத்தும்னு அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம், செவுத்தோரமா, கொழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கறது அந்தப் பெனிட்டாப் பொண்ணு. பக்கத்துல நிக்கறது... மாஸ்டரா அது? உரல் மாதிரி இருப்பாருன்னு சொன்னேனே. சட்டைக்குள்ள ஆளே இல்ல.

எல்லாரும் இந்தப் பஸ்ஸையேதான் பாக்கறாங்க.

கொஞ்சம் காலை ஒதுக்கு சாமி. எறங்கோணும்.